காக்கா ஆழி ஏறி வந்த கப்பல்

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் போனார். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு திட்டு. சின்ன வயதில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, காலாலேயே துழாவி மஞ்ச மட்டி எடுத்த இடம். இறங்கலாம் என்று லுங்கியை மடித்துக் கட்டினேன்.

"காலை வைக்காதடா, கிழிச்சிடும்" என்றார் சித்தப்பா. கையிலிருந்த கழியைத் தண்ணீருக்குள் விட்டுக் குத்திக் காட்டினார். சேற்றில் கழி இறங்கும்போது மெத்தென்று இருக்குமே, அது இல்லை. ஓட்டுச் சில்லுகள் மேல் மண்வெட்டி உரசுவதுபோல் கரகரவென்றது. குனிந்து கையை விட்டு ஒரு கொத்தைப் பிய்த்து எடுத்தார். கட்டைவிரல் அளவுகூட இல்லாத கறுப்புச் சிப்பிகள். முப்பது நாற்பது இருக்கும். நார் நாராக ஒன்றோடொன்று பின்னி, இடுக்கெல்லாம் சேறு அடைத்து, கிழிந்த பாய்போல் மொத்தமாக வந்தது.

"காக்கா ஆழி. கருப்பா இருக்குது பாரு, அதான் காக்கா. அடியெல்லாம் இதுதான். மஞ்ச மட்டி போச்சு, பச்சை ஆழி போச்சு. இறாலு மேயறதுக்கு மண்ணு வேணும்ல? மண்ணையே மூடிடுச்சு." கொத்தை என் கையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "கப்பல்ல ஒட்டிக்கினு வந்துச்சுன்னு சொல்றாங்க. நீ பதினோரு வருஷம் கப்பலைக் கழுவுனவன். நெசமாடா?"

அன்று படகில் வைத்து அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "வந்திருக்கும் சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன். இங்கே அதை முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

2008 முதல் 2019 வரை சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். முதலில் வாட்டர் ஜெட், அப்புறம் பிளாஸ்டிங், பெயிண்டிங், கடைசி நான்கு வருடம் சூப்பர்வைசர். ஒரு கப்பல் ஐந்து வருடத்தில் இரண்டு முறையாவது அடிப்பாகத்தைக் காட்டியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்காக டாக்குக்கு வரும். கதவை மூடித் தண்ணீரை இறைத்ததும், வரிசையாக வைத்த கட்டைகள் மேல் கப்பல் உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் கீழே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்களும் வங்காளதேசத்துக்காரர்களும்தான்.

டாக் தரையில் நின்று அண்ணாந்தால் நாலைந்து மாடி உயரத்துக்கு இரும்புச் சுவர். நடுப்பகுதியில் பெரும்பாலும் வழவழவென்று பச்சைப் பாசி மட்டும் இருக்கும். சில கப்பல்களில் அதன்மேல் கொட்டலசு என்ற ஓட்டுயிர் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். ஜெட் அடித்தால் ஆலங்கட்டி மழைபோல் ஓடுகள் தலைக்கவசத்தில் பொழியும். கொட்டலசின் குஞ்சு மிக நுண்ணியது. தண்ணீரில் மிதந்து வந்து, தலையிலிருக்கும் இரண்டு உணர்கொம்புகளால் சுவர்மேல் நடந்து நடந்து இடம் பார்க்குமாம். இடம் பிடித்துப்போனால் தலையை அப்படியே பசையால் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு வீடு கட்டி, கால்களை வெளியே நீட்டி இரை அள்ளித் தின்றே வாழ்நாளைக் கழித்துவிடும். சுரண்டி எடுத்த பிறகும் அடித்தகடு வட்டமாக இரும்பில் ஒட்டியிருக்கும். உளி வைத்துப் பெயர்த்தெடுத்ததுண்டு.

ஆனால் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் அந்தப் பெரிய சுவரில் இல்லை, சந்துபொந்துகளில் இருக்கிறது.

கப்பலின் எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். அதை உள்ளே இழுக்கத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உடம்பில் ஒரு குழி வைத்து, முன்னால் கம்பிச் சட்டம் போட்டு மூடியிருப்பார்கள். சீ செஸ்ட் என்று பெயர். பெரிய கப்பலில் ஒரு ஆள் உள்ளே குந்தி உட்காரலாம். வெளியே கப்பல் எவ்வளவு வேகமாகப் போனாலும் இதற்குள் அலையடிக்காது, வெயில் படாது. ஓயாமல் புதுத் தண்ணீரும் அதோடு இரையும் வந்துகொண்டே இருக்கும். ஒட்டி வாழும் உயிருக்கு இதைவிட வசதியான வீடு ஏது?

நான் முதன்முதலில் ஒரு சீ செஸ்ட்டைத் திறந்தது வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். போல்ட்டுகளைக் கழற்றிச் சட்டத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டதும் உள்ளே டார்ச் அடித்தேன். சுவர் தெரியவில்லை. நான்கு பக்கமும் சிப்பி. சிப்பி மேல் சிப்பி, அதன் மேல் பஞ்சுபோல் ஏதோ, புழுக்களின் சுண்ணாம்புக் குழாய்கள், சாந்து பூசியதுபோல் கொட்டலசு. ஒரு கை வைத்ததும் கொத்துக்கு நடுவிலிருந்து நண்டு ஒன்று ஓடியது. மூலையில் தேங்கியிருந்த தண்ணீரில் விரல் நீள மீன் இரண்டு துடித்துக்கொண்டிருந்தன. கப்பல் எந்தக் கடலிலிருந்து வந்ததோ, அந்தக் கடலின் ஒரு துண்டை அப்படியே பெயர்த்து எடுத்து வந்திருந்தது. அன்று மட்டும் அந்த ஒரு குழியிலிருந்து பதினேழு சாக்கு அள்ளினோம்.

சீ செஸ்ட் மாதிரியே இன்னும் பல இடங்கள். சுக்கானின் கீல், புரொப்பல்லர் தண்டு வெளியே வரும் இடம், முன்பக்கம் குறுக்காகத் துளைத்த திரஸ்டர் குழாய், துரு பிடிக்காமலிருக்க வைக்கும் துத்தநாகக் கட்டிகளின் ஓரம். அப்புறம் யாருக்கும் சட்டென்று தோன்றாத ஓரிடம்: கட்டைகள் மேல் கப்பல் உட்கார்ந்திருக்கிறதல்லவா, அந்தக் கட்டைக்கு மேலே இருக்கும் பகுதிக்குப் பெயிண்ட் போகாது. அடுத்த முறை கட்டைகளை நகர்த்தி வைத்தால்தான் அதற்கு விடிவு. அதுவரை சதுரம் சதுரமாகப் பழைய பெயிண்ட்டிலேயே மூன்று வருடம், சில நேரம் ஐந்து வருடம் ஓடும்.

பெயிண்ட் என்றால் சாதாரணப் பெயிண்ட் இல்லை. பெரும்பாலும் செம்பின் ஆக்சைடு கலந்தது. கப்பல் ஓட ஓடச் சோப்புக் கட்டிபோல் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரையும்போது செம்பு வெளியேறும், ஒட்ட வரும் குஞ்சுகள் சாகும். இதில் ஒரு சிக்கல், கப்பல் ஓடினால்தான் கரையும். நங்கூரம் போட்டு மாதக்கணக்கில் நின்றுவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட்டும் சும்மா கிடக்கும் சுவர்தான். இன்னொரு வகை சிலிக்கான் பூச்சு. விஷம் கிடையாது, வழுக்கும். ஒட்டியது வேகத்தில் உதிர்ந்துவிடும். அதற்கும் வேகம் வேண்டும். சீ செஸ்ட்டுக்குள் வேகம் எங்கே இருக்கிறது?

இந்தப் போராட்டம் பழையது. அரபிக் கடல் மரக்கலங்களுக்குச் சுண்ணாம்பும் மிருகக் கொழுப்பும் குழைத்து அடிப்பாகத்தில் பூசினார்கள். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற கப்பலுக்குச் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. இரும்புக் கப்பல் வந்த பிறகு எத்தனையோ விஷங்களைக் கலந்து பார்த்து, 1960களுக்குப் பிறகு டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மத்தைப் பிடித்தார்கள். அபாரமாக வேலை செய்தது. கொட்டலசு கிட்டவே வராது. ஆனால் 1970களின் கடைசியில் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு கோணல்மாணலாகத் தடித்து வளர்ந்தது, குஞ்சு நிற்கவில்லை. துறைமுகங்களுக்குப் பக்கத்தில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளில் டிபிடி பூசத் தடை போட்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் உடன்படிக்கை கொண்டுவந்து, அது நடைமுறைக்கு வர 2008 ஆகிவிட்டது. விஷத்தைக் கூட்டிக்கொண்டே போய்த் தீர்வு காண முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சரி, காக்கா ஆழிக்கு வருகிறேன். விஞ்ஞானப் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். பிலிப்பைன்ஸில் தலைகாட்டியது. 2016இல் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவிலுள்ள நீரிணையில், மீன் பண்ணை வலைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. 2019இல் கேரளத்தின் காயல்களில் இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். கொல்லத்து அஷ்டமுடிக் காயலின் மட்டித் தொழில், வளம் குன்றாமல் பிடிப்பதற்குத் தரும் சர்வதேச எம்எஸ்சி சான்றை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்ற மீன்பிடிப்பு. 2014இல் கிடைத்த பெருமை. அந்தக் காயலையே இது மூடிக்கொண்டது. அப்புறம் எண்ணூர், பழவேற்காடு. மழைக்காலத்து நல்ல தண்ணீரையும் தாங்குகிறது, கோடையின் கரிப்பையும் தாங்குகிறது. கழிமுகத்துக்கென்றே செய்து அனுப்பியதுபோல்.

2016இல் நான் அங்கேதான் இருந்தேன். அந்த நீரிணை எங்கள் பட்டறையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அந்தச் செய்தி எங்கள் டாக்கில் யார் காதிலும் விழவில்லை.

கப்பல் ஒட்டிக்கொண்டு வருகிறவற்றுக்கு மட்டும் வாகனமில்லை. பாரத்துக்காக வயிற்றில் ஏற்றும் பேலஸ்ட் தண்ணீரிலும் குஞ்சுகள் வரும். எண்ணூருக்கு இந்த இரண்டில் ஒரு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். பேலஸ்ட் தண்ணீருக்கு 2017 செப்டம்பரிலிருந்து உலக அளவில் கட்டாயச் சட்டம் இருக்கிறது. சுத்திகரிக்கும் கருவி இல்லாமல் கப்பல் ஓட்ட முடியாத நிலை வந்துவிட்டது. அடியில் ஒட்டி வருவதற்கு இன்னும் அப்படி ஒன்று இல்லை. 2011இல் கடல்சார் அமைப்பில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டார்கள், 2023இல் திருத்தினார்கள். எல்லாம் நல்ல நெறிகள்தான், ஆனால் 'செய்வது நல்லது' என்ற அளவில். உலகம் முழுதும் வேர்விட்ட அந்நியக் கடலுயிர்களில் பாதிக்கும் மேல் கப்பல் உடம்பில் ஒட்டி வந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கும்போது, இத்தனை வருடம் அதை விருப்பத்துக்கு விட்டுவைத்தது எனக்கு ஆறவில்லை. 2025இல்தான் கட்டாயச் சட்டமாக்கும் வேலையைத் தொடங்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வந்த பிறகு விரட்ட முடியுமா என்று கேட்டால், ஒரே ஒரு ஊர்க் கதையை எப்போதும் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் டார்வின். அங்கே கடல்மட்ட ஏற்றஇறக்கம் 8 மீட்டர் வரை போகும். அதனால் உல்லாசப் படகுத் துறைகளுக்குத் தண்ணீர் வற்றாமலிருக்க லாக் கதவு போட்டிருப்பார்கள். 1999 மார்ச் கடைசியில் கலன் பே என்ற துறையில் முக்குளித்தவர்கள், கருவரிச் சிப்பி என்று சொல்லத்தக்க ஒரு கரீபியச் சிப்பியைப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் அதே இடத்தைச் சோதித்தபோது ஒன்றுகூட இல்லை. இப்போது சதுர மீட்டருக்கு இருபதாயிரத்துக்கும் மேல். ஏதோ ஒரு பாய்மரப் படகின் அடியில் வந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். இதே சிப்பி 1967 வாக்கிலேயே விசாகப்பட்டினத் துறைமுகத்தில் பதிவாகி, அங்கே நிரந்தரக் குடியாகிவிட்டது. டார்வின்காரர்களுக்கு அது தெரியும். கதவுகளை மூடினார்கள். படகு ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. ஏற்கெனவே வெளியேறிப்போன நூற்றுக்கணக்கான படகுகளைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். உள்ளே டன் டன்னாகக் குளோரினும் மயில்துத்தமும் கொட்டினார்கள். சிப்பி செத்தது, கூடவே அந்தத் தண்ணீரிலிருந்த மீனும் மற்ற எல்லாமும் செத்தன. ஒரு மாதத்துக்குள் ஒழித்துக்கட்டினார்கள். செலவு இருபது லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். கடலில் பரவ ஆரம்பித்த ஓர் உயிரை இப்படி வேரோடு அழித்தது உலகில் மிக அபூர்வமாக நடந்த ஒன்று.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு எந்தக் கதவைப் போடுவீர்கள்? எந்த விஷத்தைக் கொட்டுவீர்கள், அதற்குள் கை விட்டு இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் எங்கள் ஊர்க்காரர்களும் இருக்கும்போது? இந்தப் பிரச்சினை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போயிற்று. வாரி எடுப்பதற்கான திட்டங்களைப் பேசுகிறார்கள். வார வேண்டியதுதான். ஆனால் ஒரு கொத்து மிச்சமிருந்தாலும் அடுத்த பருவத்தில் குஞ்சு பொரிக்கும். அதனால்தான் சொல்கிறேன், இதை நிறுத்துகிற இடம் டாக். கப்பல் காய்ந்து நிற்கும்போது, கிளம்புவதற்கு முன்னால்.

அங்கே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கப்பலின் பெரிய பக்கச் சுவரைக் கழுவச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. அரை மில்லிமீட்டர் பாசிப் படலம் பாதி உடம்பை மூடினாலே புகை வெளியேற்றம் நான்கில் ஒரு பங்கு வரை கூடும் என்று கடல்சார் அமைப்பின் திட்டமொன்று கணக்குக் காட்டியிருக்கிறது. புகை கூடினால் எண்ணெய்ச் செலவு கூடுகிறது என்று பொருள். அதனால் முதலாளியின் ஆள், ஆளைத் தூக்கும் செர்ரி பிக்கர் வண்டியில் ஏறி வந்து ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்ப்பார். சந்துபொந்துகளில் என்ன வளர்ந்தாலும், தண்ணீர் அடைக்காத வரை, கப்பல் வேகம் குறையாது, எண்ணெய் கூடச் செலவாகாது. யார் பணமும் அங்கே எரிவதில்லை. அந்நிய உயிர்கள் பயணம் செய்வதோ பெரும்பாலும் அங்கே. பணம் போகிற இடம் பளபளக்கிறது, ஆபத்து இருக்கிற இடத்துக்கு நேரம் மிஞ்சினால்தான் கவனிப்பு.

2017இல் ஒரு சரக்குக் கப்பல். பெயர் வேண்டாம், பட்டறையின் பெயரும் வேண்டாம். கிளம்பும் நாளை ஒரு நாள் முன்னால் இழுத்துவிட்டார்கள். வலது பக்கச் சீ செஸ்ட்டின் போல்ட்டுகள் இறுகிப்போய்ச் சுழலவில்லை. வெட்டி எடுத்தால் அரை நாள் போகும். "வெளியிலிருந்து ஜெட் அடிச்சு விடு, போதும்" என்று மேலேயிருந்து சொன்னார்கள். நானே துப்பாக்கியைப் பிடித்துக் கம்பிகளுக்கு நடுவே அடித்தேன். உடைந்த ஓடுகளும் கறுப்புத் தண்ணீரும் கொட்டின. கொட்டிக்கொண்டே இருந்தன. சட்டத்துக்குப் பின்னால் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தே நிறுத்தினேன். மேலே பெயிண்ட் அடித்தார்கள், புதுசுபோல் இருந்தது. தாளில் சுத்தம் என்று குறியிட்டது என் பேனா. அடுத்த துறைமுகம் எது என்று நான் கேட்கவில்லை. அது எண்ணூருக்கு வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். வேறு யாருடைய சித்தப்பாவின் ஆற்றுக்கோ போயிருக்கலாம்.

அந்தத் தாளை யாரும் சோதிக்கவில்லை என்பதுதான் விஷயம். நியூசிலாந்து இதைச் சரியாகப் பிடித்தது. 2018 மே 15 முதல் அந்த நாட்டுக்கு வரும் எந்தக் கப்பலும் அடிப்பாகம் சுத்தம் என்று சான்றோடு வர வேண்டும், சந்துபொந்து உட்பட. உலகில் முதலில் இப்படிக் கட்டாயமாக்கிய நாடு அதுதான். சில நாள் மட்டும் தங்கும் கப்பலுக்கு வழவழப்புப் பாசி இருக்கலாம், நடுக்கடலிலேயே வாழும் தண்டுக் கொட்டலசு இருக்கலாம். மற்றவை மிகச் சொற்பமாக இருந்தால்தான் விடுவார்கள். 2022 டிசம்பர் கடைசியில் வைக்கிங் ஓரியன் என்ற சொகுசுக் கப்பல், அடியில் வளர்ச்சி இருந்ததால் நியூசிலாந்துத் துறைமுகங்களுக்குள் போக முடியவில்லை. ஆஸ்திரேலியாவும் முதலில் சுத்தம் செய்யச் சொன்னது. புத்தாண்டு வேளையில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு அடிலெய்டுக்கு வெளியே நடுக்கடலில் நின்று, முக்குளிப்பவர்களை இறக்கிச் சுரண்டினார்கள். பயணிகள் பாவம்தான். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு துறைமுகம் 'இல்லை' என்று சொன்னால், அடுத்த முறை டாக்கில் போல்ட்டை வெட்ட அரை நாள் கொடுப்பார்கள்.

தண்ணீருக்குள்ளேயே சுரண்டுவதைப் பற்றியும் ஒன்று. துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் அடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தால், உயிரோடு உதிர்பவை அந்தத் துறைமுகத்திலேயே விழும். அடிபட்ட சிப்பி சாகும் முன் முட்டையைக் கொட்டிவிடவும் கூடும். உதிர்வதை உறிஞ்சி வடிகட்டிப் பிடிக்கும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. அது இல்லாமல் தேய்க்கக் கூடாது. வந்து சேர்ந்த ஊரில் தேய்ப்பதைவிட, புறப்படும் ஊரில், அங்கேயே வளர்ந்ததை அங்கேயே விட்டுவிட்டு வருவது மேல்.

நம் துறைமுகங்களும் இந்தச் சான்றைக் கேட்க வேண்டும். காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் கொசஸ்தலை முகத்துவாரத்துக்கு எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. கடைசியாக எப்போது டாக் போனது, எத்தனை நாள் எங்கே சும்மா நின்றது, சீ செஸ்ட்டுக்குள் எடுத்த படம் எங்கே? இந்த மூன்று கேள்விக்குத் துறைமுகத்தில் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. பக்கத்தில் இலங்கை, கப்பலில் ஒட்டி வரும் உயிர்களைத் தடுப்பதற்கான கடல்சார் அமைப்பின் குளோஃபவுலிங் திட்டத்தில் முன்னணி நாடுகளில் ஒன்றாகச் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கியது. நமக்கு என்ன தடை?

போன மாசியில் மறுபடியும் ஊருக்குப் போனேன். சித்தப்பா பைபர் படகைக் கரையேற்றியிருந்தார். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மாதம் தொழிலுக்குக் கொண்டுபோகப் போகிறாராம். அடியைத் தடவிப் பார்த்தேன். மோட்டார் மாட்டும் பலகையின் பின்பக்க இடுக்கில், விரல் நுழையாத இடத்தில், நெருநெருவென்று இருந்தது. ஸ்கிராப்பர் கேட்டால் தேங்காய் துருவியின் பழைய அலகைக் கொடுத்தார். படுத்துக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தேன். கீழே சாக்கு விரிக்கச் சொன்னேன்.

"ஆத்துலதானே கெடந்துச்சு, ஆத்துலயே தள்ளிவிடேன்" என்றார்.

"வேணாம் சித்தப்பா. சாக்கோட மேட்டுல கொட்டிக் காயப் போடுங்க. பத்து நாள் வெயில்ல கெடக்கட்டும். வலையையும் உதறிக் காயவெச்சு எடுத்துக்கினு போங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேருமாகப் பக்கத்தில் நின்ற மற்ற படகுகளின் பின்பலகையையும் பார்த்தோம். இருட்டுவதற்குள் நான்கு படகு முடிந்தது. ஐந்தாவதன் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, நகக்கண் அளவில் இரண்டே இரண்டு இருந்தன. அலகால் நெம்பி எடுத்துச் சாக்கில் போட்டார் சித்தப்பா.